வரப்போரம் நின்றுவிட்ட சட்டம்

காரைக்காலிலிருந்து திருநள்ளாறு வழியே மேற்கு நோக்கிச் செல்லும் சாலை, யூனியன் பிரதேசத்தின் எல்லையைத் தொடுவதற்குமுன் அம்பகரத்தூரைக் கடக்கிறது. அவ்வூரின் பெயரைக் கேட்டதும் சுற்றுவட்டார மக்களின் நினைவுக்கு வருபவள் பத்ரகாளியம்மன். அசுரனைக் காளி வதைத்த இடம் இது என்பது தலபுராணம். அருகிலுள்ள அம்பரும் அம்பர் மாகாளமும் திருஞானசம்பந்தர் பாடிய தலங்கள். புறநானூற்றின் 385ஆம் பாடல் போற்றும் அருவந்தை, அம்பருக்குத் தலைவனாக இருந்தவன். நெல்லும் நீரும் கோயிலும் ஈராயிரம் ஆண்டுகளாக ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் மண் இது.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்டிருப்பது, கோயிலைச் சூழ்ந்து கிடக்கும் வயல்களில் குனிந்து நின்ற பெண்களின் வரலாறு. வேலையிடத்தில் பெண்ணுக்குள்ள உரிமை, மருத்துவத்தில் பெண்ணுக்குள்ள உரிமை என்று இன்று இரண்டு தலைப்புகளில் பேசுகிறோம். நடவு நடும் பெண்ணிடம் இவ்விரண்டும் தனித்தனியே இருந்ததில்லை. கூலிக்காக வளைவதும் பிள்ளையைச் சுமப்பதும் ஒரே இடுப்புதான். ஆனால் சட்டம் அவளது உழைப்பைப் பார்க்க ஆலை வாசல்வரை வந்து நின்றுவிட்டது. மருத்துவம் அவளது கருப்பையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியது. இரண்டுக்கும் நடுவே விழுந்துபோனவளை எடுத்து நிறுத்த முயன்றவர்கள் யார், எவ்வளவு தூரம் வென்றார்கள் என்பதே நம் கேள்வி.

இரண்டு ஆட்சிகள், ஒரே ஆறு

1739இல் தஞ்சை மராட்டியரிடமிருந்து காரைக்காலைப் பிரெஞ்சுக்காரர்கள் பெற்றனர். இடையிடையே ஆங்கிலேயரிடம் கைமாறியது தவிர, 1954 நவம்பர் 1 வரை அது பிரெஞ்சிந்தியாவின் பகுதி. சட்டப்படியான முழு இணைப்பு 1962இல்தான் நிறைவேறியது. ஆகவே சென்ற நூற்றாண்டின் பாதிவரை அம்பகரத்தூர் ஓர் எல்லை ஊர். காவிரியின் கிளைகள் தஞ்சை மாவட்டத்தின் வழியே வந்து பிரெஞ்சு வயல்களுக்குப் பாய்ந்தன. நீருக்கு எல்லை தெரியாது, சட்டத்துக்குத் தெரியும். மேற்கே சென்னை மாகாணச் சட்டம், கிழக்கே பிரெஞ்சுச் சட்டம். 1898இல் பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு இருப்புப்பாதை வந்தபோது, இரு ஆட்சிகளையும் இணைத்த அப்பாதையில் அம்பகரத்தூரும் ஒரு நிலையமாயிற்று.

பிரெஞ்சிந்தியத் தொழிலாளர் வரலாற்றில் 1936 ஜூலை 30 மறக்கவியலாத நாள். புதுச்சேரியில் சவானா பஞ்சாலையில் போராடிய தொழிலாளர்மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் 12 பேர் உயிரிழந்தனர். வ. சுப்பையாவின் தலைமையில் வளர்ந்த அவ்வியக்கத்தின் கோரிக்கைகளில் வேலைநேரக் குறைப்பும் கூலி உயர்வும் மட்டும் இருக்கவில்லை. பெண்களை இரவு வேலையில் அமர்த்தக் கூடாது, பேறுகாலத்தில் உதவி வேண்டும் என்பவையும் இருந்தன. பஞ்சாலையில் நூல் சுற்றும் பெண்ணுக்கும் உடம்பு உண்டு என்பதை ஆண்கள் பெரும்பான்மையாக இருந்த ஒரு சங்கம் அன்றே எழுதிவைத்தது. அடுத்த ஆண்டு, 1937 ஏப்ரல் 6 அன்று, பிரெஞ்சு அரசு தன் இந்தியப் பகுதிகளுக்கான தொழிலாளர் ஆணையை வெளியிட்டது. சங்கம் அமைக்கும் உரிமையும் எட்டு மணி நேர வேலையும் அப்போராட்டத்தின் பேறுகள் என்று புதுச்சேரித் தொழிலாளர்கள் இன்றும் ஜூலை 30இல் நினைவுகூர்கின்றனர்.

எல்லைக்கு அப்பாலும் அதே காலத்தில் அசைவு இருந்தது. பம்பாய்ச் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதா 1928இல் விவாதிக்கப்பட்டபோது, அதை ஆதரித்து டாக்டர் அம்பேத்கர் பேசினார். பிள்ளைப்பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்குக் கிடைக்கும் ஓய்வு நாட்டின் நலனுக்குரியது; அதன் சுமையில் ஒரு பங்கை முதலாளியும் ஏற்கவேண்டும் என்பது அவரது வாதத்தின் சாரம். பம்பாய்ச் சட்டம் 1929இல் வந்தது. சென்னை மாகாணமும் 1930களின் நடுவில் தன் பேறுகால உதவிச் சட்டத்தை இயற்றியது.

இவ்வாறு 1937 முடிவதற்குள் அம்பகரத்தூரின் இருபுறத்தும், ஆலைக்குப் போகும் பெண்ணுக்கு ஏதோ ஒரு பாதுகாப்பு ஏட்டில் ஏறிவிட்டது. ஆனால் அம்பகரத்தூர்ப் பெண் ஆலைக்குப் போகவில்லை, வயலுக்குப் போனாள்.

சட்டம் ஏன் ஆலையோடு நின்றது என்பதற்கு விடை எளிது. ஆலைக்கு மதில் உண்டு, வாசல் உண்டு, வருகைப் பதிவேடு உண்டு. முதலாளி யார் என்பதில் ஐயம் இல்லை. ஆய்வாளர் வந்து ஏட்டைப் புரட்டிப் பார்க்கலாம். வயலில் இவை எதுவும் இல்லை. இன்று ஒரு மிராசுதாரின் நிலம், நாளை வேறொருவரின் நிலம். கூலி நெல்லாக மரக்காலில் அளந்து போடப்படும். அதற்குக் கணக்கு களத்துமேட்டில் இருப்பவரின் வாய்ச்சொல்தான். 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தபோது இது இன்னும் தெளிவாயிற்று. வால்பாறையிலும் நீலகிரியிலும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குப் பேறுகால உதவியும் குழந்தைக் காப்பகமும் சட்டத்தில் இடம்பெற்றன. அதுவும் மண்ணில் செய்யும் வேலைதான். ஆயினும் அங்கே நிர்வாகமும் ஏடும் இருந்தன. ஏட்டில் பெயர் இல்லாதவளுக்கு உரிமையும் இல்லை என்ற நிலை, நெல் வயலில் மட்டும் மாறாமல் நின்றது.

நாற்றும் நடவும்

டெல்டாவின் வேலைப் பிரிவினையை நகரத்து வாசகர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். உழவும் வரப்பு வெட்டும் நாற்றுப் பறிப்பும் ஆண்களுடையவை. பறித்த நாற்றை முடிகளாகக் கட்டி வயலுக்குக் கொண்டுவந்து விசிறுவதோடு அவர்கள் பணி முடியும். நடவும் களையெடுப்பும் பெண்களுடையவை. அறுப்பு இருவருக்கும் பொது. நடவில் ஒரு பெண் காலைமுதல் பிற்பகல்வரை இடுப்பை வளைத்தபடியே பின்னோக்கி நகர்ந்து செல்லவேண்டும். கணுக்காலுக்கு மேல் சேறு, தலைக்குமேல் வெயில் அல்லது மழை. விரலிடுக்குகளில் சேற்றுப்புண். வரப்போரப் பூவரசிலோ வேம்பிலோ தூளி தொங்கும். தூளிப்பிள்ளை அழுதால் கரையேறிப் பாலூட்டலாமா என்பதைத் தீர்மானிப்பவர் அப்பிள்ளையின் தாயல்லர். பாலூட்டக் கரையேறியவளை அதட்டி வயலில் இறக்கிய நிகழ்ச்சிகள் கீழத்தஞ்சையின் வாய்மொழி நினைவுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. வேலையிட உரிமை, தாய்சேய் நலம் என்ற இரு சொற்றொடர்களும் அந்தத் தூளியின் அருகே ஒன்றாகிவிடுகின்றன.

இவர்களில் பெரும்பாலோர் தலித் குடும்பத்துப் பெண்கள். பண்ணையாள் என்ற முறையில் கணவன் ஒரு பண்ணைக்குக் கட்டுப்பட்டால் மனைவியின் உழைப்பும் அதே கட்டில் அடங்கும். சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனைகளாக இருந்த காலம் அது. 1943இல் மன்னார்குடிப் பக்கத்துத் தென்பரையில் தொடங்கிய விவசாயிகள் சங்கமும், கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பி. சீனிவாசராவ் அங்கு வந்து தங்கி உழைத்த உழைப்பும், 1944இன் மன்னார்குடி ஒப்பந்தத்துக்கு வழி செய்தன. சவுக்கும் சாணிப்பாலும் ஒழிந்தன. உடலின்மீது விழும் அடி நின்றதுதான் முதல் உரிமை. மற்றவை அதன்மீதே கட்டப்பட்டன.

இந்த இயக்கத்தில் பெண்கள் பின்தொடர்ந்தவர்கள் மட்டும் அல்லர். திருவாரூர்ப் பக்கத்து மணலூரைச் சேர்ந்த மணியம்மையை இங்கே நினைக்கவேண்டும். பிராமணக் குடும்பத்தில் பிறந்து இளம்வயதில் விதவையானவர். தலைமுடியைக் கத்தரித்து, வேட்டியும் அரைக்கைச் சட்டையும் அணிந்து, பண்ணையாட்களின் குடியிருப்புகளுக்குள் நடந்து சென்றவர். காங்கிரசிலிருந்து பொதுவுடைமை இயக்கத்துக்கு வந்து, சிறை சென்று, 1953இல் மான் கொம்பால் குத்துண்டு மறைந்தார். அவர் வாழ்வை ராஜம் கிருஷ்ணன் 'பாதையில் பதிந்த அடிகள்' என்ற நாவலாக எழுதியிராவிட்டால், இன்று நம்மில் எத்தனை பேர் அப்பெயரை அறிந்திருப்போம்? அதே ஆசிரியரின் 'சேற்றில் மனிதர்கள்' கீழத்தஞ்சை வயல்களையும் 'கரிப்பு மணிகள்' தூத்துக்குடி உப்பளங்களையும் பெண்ணின் உழைப்பை மையமாக வைத்துப் பார்த்தவை. வரலாற்றாசிரியர்கள் ஏட்டைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாவலாசிரியர் வரப்பில் நடந்து கள ஆய்வு செய்தார் என்பது நம் இலக்கியத்துக்குப் பெருமை.

1952 ஆகஸ்டில் ராஜாஜி அரசு தஞ்சைச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பண்ணையாளை நினைத்தபடி வெளியேற்றுவதற்கு முதன்முறையாகத் தடை வந்தது. ஆனால் அது சென்னை அரசின் சட்டம். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அம்பகரத்தூருக்கு அது பொருந்தாது. ஆலைத் தொழிலாளருக்காக ஓர் ஆணையைப் பெற்ற பிரெஞ்சு மண், வயல் தொழிலாளருக்காக மறுகரையில் வந்த சட்டத்தைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையொன்றில் எரிந்து மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். பின்னணியில் இருந்தது கூலி உயர்வுக் கோரிக்கையும், சங்கக் கொடியை இறக்க மறுத்ததும். அடுத்த ஆண்டு தமிழ்நாட்டில் விவசாயத் தொழிலாளர் நியாயக்கூலிச் சட்டம் வந்தது. வெண்மணியை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' 1977இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. நிலவுடைமையாளனின் மனக்கோளாற்றில் அது காரணத்தைத் தேடியது என்ற விமர்சனம் இன்றும் உண்டு. சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' கூலியின் பக்கம் பார்வையைத் திருப்பியது. இலக்கிய விவாதமாக மட்டும் இதைக் கொள்ளவேண்டியதில்லை. எரிந்த பெண்கள் கூலி கேட்ட தொழிலாளர்கள் என்பதை மறந்துவிட்டால் அவர்கள் வெறும் பலியாட்களாகச் சுருங்கிப்போவார்கள்.

சமக்கூலியும் அதன் ஓட்டையும்

1976இல் சமஊதியச் சட்டம் வந்தது. ஒரே வேலைக்கோ ஒத்த வேலைக்கோ ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி தரவேண்டும் என்றது. படித்தவுடன் மனம் நிறையும். ஆனால் நடவை ஆண் செய்வதே இல்லை. எனவே நடவுக்கு ஒத்த ஆண் வேலை எது என்று யாரைக் கேட்பது? நாற்றுப் பறிப்பவனுக்கு ஒரு கூலி, நடுபவளுக்கு ஒரு கூலி. வேலை வேறு என்பதால் சட்டம் மீறப்படவும் இல்லை. பெண்ணின் வேலை என்று பெயர் வைத்த உடனே அது மலிவாகிவிடுகிறது. மலிவாக இருப்பதாலேயே அது பெண்ணின் வேலையாகத் தொடர்கிறது. இந்தச் சுழலை அச்சட்டத்தால் அறுக்க முடியவில்லை. கூலிக்காகப் போராடிய சங்கங்களும்கூடத் தம் ஒப்பந்தங்களில் பெண் கூலியை ஒரு படி தாழ்த்தியே வழக்கமாக ஒப்புக்கொண்டன என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மிராசுதாரின் முன்னால் பணியாத தோழர், வீட்டில் பாதிக் கூலியை இயல்பென்று எண்ணினார்.

1980களின் தொடக்கத்தில் ஜோன் மென்ஷரும் கே. சாரதாமணியும் கேரளம், தமிழ்நாடு, மேற்கு வங்கம் ஆகியவற்றின் நெல் வட்டாரங்களில் பெண் தொழிலாளரை ஆராய்ந்தனர். பெண் ஈட்டும் கூலி பெரிதும் அடுப்புக்கும் பிள்ளைகளுக்குமே செல்கிறது என்பதை அவ்வாய்வு காட்டியது. 'கணவனின் வருமானத்தோடு சேரும் உபரி' என்று பெண் கூலியை எண்ணுவோர்க்கு அது தக்க மறுமொழி. அவள் கூலியைக் குறைப்பது உலையில் போடும் அரிசியைக் குறைப்பதாகும். அந்த அரிசி குறையும்போது முதலில் பசித்திருப்பவளும் அவளே.

கோவில்பத்தில் பிறந்தவர்

முன்னர்ச் சொன்ன பேரளம் இருப்புப்பாதையில், அம்பகரத்தூருக்குக் கிழக்கே, காரைக்காலை ஒட்டி இருக்கும் ஊர் கோவில்பத்து. 1931இல் அங்கே பிறந்த தனலட்சுமி என்ற பெண்ணைத் தமிழகம் பாப்பா உமாநாத் என்று அறியும். வறுமையால் தாய் பிள்ளைகளோடு திருச்சி பொன்மலைக்குச் சென்று, ரயில்வே தொழிலாளர்களுக்குச் சோறு சமைத்துப்போட்டுப் பிழைத்தார். அத்தொழிலாளர்கள் செல்லமாக அழைத்த 'பாப்பா' என்பதே பின்னர்ப் பெயராயிற்று. சிறுமியாக இருந்தபோதே பாலர் சங்கத்தில் கொடி பிடித்தவர். 1946 செப்டம்பர் 5இன் துப்பாக்கிச்சூட்டையும் கண்ட பொன்மலைதான் அவருடைய பள்ளிக்கூடம்.

பொதுவுடைமைக் கட்சி தடைசெய்யப்பட்ட ஆண்டுகளில் தாயும் மகளும் சிறைப்பட்டனர். சிறையில் உண்ணாவிரதம் இருந்த தாய் உயிர்நீத்தார். கட்சியை விட்டு விலகுவதாக எழுதிக்கொடுத்தால் தாயின் உடலைப் பார்க்கலாம் என்றனர். மகள் எழுதித்தரவில்லை. இந்நிகழ்ச்சியை அவருடைய அரசியலை ஏற்காதவர்களும் தலைகுனிந்தே நினைப்பர்.

அவரும் மதுரையைச் சேர்ந்த கே.பி. ஜானகியம்மாளும் 1970களில் தமிழ்நாட்டில் ஜனநாயக மாதர் சங்கத்தை வளர்த்தனர். 1981இல் சென்னையில் அது அகில இந்திய அமைப்பாக உருவெடுத்தது. 1989இல் திருவெறும்பூரிலிருந்து சட்டமன்றம் சென்றார் பாப்பா உமாநாத், 2010இல் மறைந்தார். அவரோடு இணைந்து பணிபுரிந்த மைதிலி சிவராமன் வெண்மணிக்கு நேரில் சென்று எழுதியவர். தொழிற்சங்கத்திலும் மாதர் சங்கத்திலும் ஒருசேர உழைத்தவர். இவர்களின் பங்கு எதுவென்று கேட்டால், கூலி கேட்கும் மேடையில் பெண்ணின் உடலையும் பேசுபொருளாக்கியதே என்போம். குடிநீர், கழிப்பிடம், மதுவால் வரும் அடி, பணியிடத்துப் பாலியல் துன்பம் ஆகியவை 'வீட்டுப் பிரச்சினை' என்ற பெயரில் சங்க அலுவலகத்தின் வாசலில் காத்துக் கிடந்தவை. அவற்றை உள்ளே அழைத்து உட்கார வைத்தவர்கள் இப்பெண்கள்.

மருத்துவம் வந்த வழி

மறுபக்கம், மருத்துவத்தின் வழியாக இதே பெண்ணை நோக்கி வந்த பாதை ஒன்று உண்டு. புதுக்கோட்டையில் 1886 ஜூலை 30 அன்று, தேவதாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சவானா ஆலையில் துப்பாக்கி வெடித்த நாள் அவருடைய ஐம்பதாம் பிறந்தநாள் என்பது தற்செயல்தான். ஆயினும் இரு வரலாறுகளும் ஒன்றையொன்று அறியாமல் எவ்வளவு அருகில் நடந்தன என்பதை அது காட்டுகிறது. 1926 இறுதியில் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத்தலைவரான அவர், தேவதாசி ஒழிப்போடு பெண்கள், குழந்தைகளுக்கான மருத்துவ வசதிகளையும் அங்கே வாதாடினார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக மலர்ந்தது. நோயைத் தனிப்பட்டவரின் விதியாக எண்ணாமல் அரசின் கடமையாக எண்ண வைத்தவர் அவர்.

ஆனால் மருத்துவம் சிற்றூரை வந்தடைந்தபோது முத்துலட்சுமி ரெட்டியின் முகத்தோடு வரவில்லை. குடும்பக்கட்டுப்பாட்டு இலக்கோடு வந்தது. இத்தனை பெண்களுக்கு இத்தனை அறுவைச் சிகிச்சை என்ற எண்ணிக்கை முறை 1996 ஏப்ரலில்தான் நாடு முழுவதும் கைவிடப்பட்டது. அதுவரை வயல் பெண்ணைத் தேடி வந்த செவிலியரின் முதற்கேள்வி, எத்தனை பிள்ளை என்பதாகவே பெரும்பாலும் இருந்தது. இடுப்பு வலிக்கிறதா என்று கேட்கச் சொல்லி எந்த இலக்கும் இல்லை.

அதைக் கேட்டவர்கள் செங்கற்பட்டுப் பகுதிப் பெண்கள். வயதுவந்தோர் கல்வித் திட்டத்தில் பணிபுரிந்த, அவ்வட்டாரச் சிற்றூர்களின் தலித் பெண்கள் 12 பேரும் ஆய்வாளர் டி.கே. சுந்தரி ரவீந்திரனும் சேர்ந்து 1981இல் கிராமப் பெண்கள் சமூகக் கல்வி மையத்தைத் தொடங்கினர். கூலி, குடும்ப வன்முறை என்று தொடங்கிய பேச்சு, வேறு எங்கும் சொல்ல முடியாத ஒன்றில் வந்து நின்றது. அது கருப்பை இறக்கம். பிள்ளை பெற்ற சில வாரங்களில் மீண்டும் சேற்றில் இறங்கியவர்கள், தலையில் சுமை ஏற்றியவர்கள், இருபது வயதிலேயே அத்துன்பத்தைத் தாங்கிக்கொண்டு, கணவனிடமும் சொல்லாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மருத்துவரிடம் போகாததற்கு வெட்கம் மட்டும் காரணமில்லை. அறுவைச் சிகிச்சைக்குப்பின் பல வாரம் ஓய்வு வேண்டும். அந்த வாரங்களில் கூலி இல்லை. அம்மையத்தினர் 1990களின் இறுதியில் இதுகுறித்து வெளியிட்ட ஆய்வை நாம் ஒரு சாட்சியாகக் கருதுகிறோம். ஓய்வுக்குக் கூலி இருந்திருந்தால் அந்நோய்களில் பல வந்தே இரா. இங்கே மருத்துவ உரிமை என்பது பேறுகாலக் கூலிக்கு இன்னொரு பெயர்.

ஏட்டில் ஏறாதவள்

1961இன் பேறுகால நலச் சட்டம் நாடு முழுவதற்குமான ஒரே சட்டமாக வந்தது. தொழிற்சாலைகளும் தோட்டங்களும் அதில் அடங்கின. கடைகளும் நிறுவனங்களும் பின்னர்ச் சேர்ந்தன. நெல் வயல் சேரவில்லை. அன்றாடக் கூலியில் சாலை போடும் பெண்களுக்கு அது பொருந்துமா என்ற வழக்கில், 2000ஆம் ஆண்டு மார்ச் 8 அன்று, தில்லி மாநகராட்சியின் தற்காலிகப் பெண் தொழிலாளர்க்கும் அவ்வுரிமை உண்டு என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கர்ப்ப காலத்திலும் கடின உழைப்பில் ஈடுபட வேண்டியிருக்கும் பெண்ணை நினைத்து எழுதப்பட்ட அரிய தீர்ப்பு அது. ஆயினும் அங்கும் ஒரு வருகைப் பதிவேடு இருந்தது. 2017இல் பேறுகால விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. பின்னர் அச்சட்டம் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் அடக்கப்பட்டது. அலுவலகப் பெண்ணின் 26 வாரத்தை நாம் மனமுவந்து வரவேற்கிறோம். அதே நாளில் சேற்றில் நின்றவளுக்குக் கூலியோடு கூடிய விடுப்பு ஒரு நாள்கூட இல்லை என்பதையும் உடன் சொல்லவேண்டும்.

இந்த இடைவெளியை எலா பட் தலைமையிலான தேசிய ஆணையம் 1988இலேயே 'சிரம்சக்தி' என்ற அறிக்கையில் விரிவாக எழுதியிருந்தது. முதலாளி யார் என்று சுட்ட முடியாத இடத்தில், பேறுகாலப் பொறுப்பை அரசே ஏற்பதன்றி வேறு வழி இல்லை. தமிழ்நாடு இவ்வழியில் முன்னரே அடியெடுத்து வைத்தது. 1987இல் ஏழைக் கர்ப்பிணிகளுக்கான உதவித் திட்டம் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் தொடங்கியது. முதலில் 300 ரூபாய். 2006இல் அது 6,000 ஆகவும், 2011இல் 12,000 ஆகவும், 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ஆகவும் உயர்ந்தது. நாடளாவிய திட்டம் 2017இல் 5,000 ரூபாயோடு வந்தது. இத்தொகைகளை இலவசம் என்று இகழ்வோர் உண்டு. இவை சம்பளத்தோடு கூடிய விடுப்பின் சிறு துண்டுகள். கொடுக்க வேண்டிய காலத்தில் கொடுக்காத கூலியின் மீதம். எல்லை இங்கும் தன் வேலையைக் காட்டுகிறது. தமிழ்நாட்டின் திட்டம் அம்பகரத்தூருக்கு மேற்கே தொடங்குகிறது. புதுச்சேரிக்கு ஆட்சி வேறு, திட்டங்கள் வேறு. இரு கரையிலும் ஒரே நடவு. உதவி மட்டும் ஊர்ப்பெயரைக் கேட்டு வருகிறது.

காரைக்கால் உலகுக்குத் தந்த பெண்களில் முதல்வர் காரைக்காலம்மையார். கணவனுக்காகச் சுமந்த உடலைக் களைந்துவிடுமாறு இறைவனிடம் வேண்டி, பேயுருப் பெற்றுத் திருவாலங்காடு சென்றவர் என்கிறது பெரியபுராணம். ஆண்டுதோறும் ஆனியில் மாங்கனித் திருவிழாவில் அவர் கதையை ஊரே நடித்துக் காட்டுகிறது. அம்மையார் உடலை உதறி விடுதலை பெற்றார். வயல் பெண்ணுக்கு அந்த வழி இல்லை. உடலே அவளுடைய மூலதனம், உடலே கருவி, உடலே பிள்ளையின் உணவு. அவள் வேண்டுவது அவ்வுடலோடு முதுமைவரை நிமிர்ந்து நடப்பது.

இப்போது நிலைமை இன்னொரு திருப்பத்தில் நிற்கிறது. நடவு இயந்திரங்கள் வயலில் இறங்கிவிட்டன. நேரடி விதைப்பு பரவுகிறது. கடைமடை நீரை நம்பி நாற்றுவிட்டுக் காத்திருக்க உழவர் தயங்குகிறார். நடவாட்களின் வேலை நாட்கள் சுருங்கிவருகின்றன. இடுப்பொடிக்கும் வேலை இயந்திரத்துக்குப் போவதில் நமக்கு வருத்தம் இல்லை. அந்த வேலைக்குரிய உரிமை வருவதற்குமுன் வேலையே போய்விடுகிறதே என்பதுதான் வருத்தம். நடவை விட்ட பெண் கட்டட வேலைக்கும் துணிக்கடைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறாள். துணிக்கடையில் நாள் முழுதும் நிற்கும் பெண் உட்கார்வதற்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் இயற்றியது 2021இல். உட்காரும் உரிமைக்கே அவ்வளவு காலம் ஆயிற்று என்றால், குனிந்தே கழிந்த வாழ்நாட்களுக்கு என்ன கணக்கு?

அக்கணக்கை எழுதவேண்டிய இடங்கள் இரண்டு என்று நமக்குத் தோன்றுகிறது. முதலாவது, அரசின் ஏடு. எந்த நிலத்தில், எந்த முதலாளியிடம் என்று கேட்காமல், உழைக்கும் பெண் என்ற ஒரே தகுதியில் அவள் பெயர் பேறுகாலக் கூலிக்கும் இடுப்பு நோய்க்கான மருத்துவத்துக்கும் பதிவாகவேண்டும். இரண்டாவது, நம் ஊர் வரலாறுகள். தலபுராணமும் கல்வெட்டும் தேடி அம்பகரத்தூர் போன்ற ஊர்களுக்குச் செல்லும் நம்மைப் போன்றோர், கோயில் வாசலில் பூ விற்கும் முதியவளிடம் அவள் நடவுக்குப் போன ஆண்டுகளையும் கேட்டு எழுதிக்கொண்டு வரலாம். எத்தனை மரக்கால் கூலி, பிள்ளை பெற்ற எத்தனையாம் நாள் மீண்டும் வயலில் இறங்கினாள், வலி வந்தபோது யாரிடம் சொன்னாள் என்ற மூன்று கேள்விகள் போதும். அவளுக்கு நினைவிருக்கும்.